தூரிகையும் வகுப்பறையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிறேன். என் எண்ணெய் வண்ணப் படங்களில் சில மாதங்களிலேயே விரிசல் விழுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் அடுக்கு வரிசைதான் காரணம். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக உலரும். அதன்மேல் டர்பன்டைன் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) கலந்த மெல்லிய வண்ணத்தைப் பூசினால் மேற்பரப்பு முந்தி இறுகிவிடும். அடியிலுள்ளது பிறகு அசையும்போது மேலே பிளக்கும். முதல் அடுக்குக்கு டர்பன்டைன் மட்டும் போதும், ஆளிவிதை எண்ணெயை அடுத்தடுத்த அடுக்குகளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அடிப்பூச்சுக்கு ஐவரி பிளாக் என்ற கருப்பு வண்ணம் வேண்டாம், உலர நெடுநாளாகும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணம் விரைவில் உலரும். நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெய் மேல் அக்ரிலிக் உரிந்துவிடும். மதிப்பீட்டு நாள் நெருங்குகிறதென்று அவசரமாக வார்னிஷ் அடிக்காதீர்கள்; தடித்த பூச்சு உள்ளே உலர 6 முதல் 12 மாதமாகும்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: கற்பித்தல் பயிற்சியில் 40 நிமிட வகுப்பு. பிள்ளைகள் படத்தை முடிப்பதேயில்லை.

பதில்: செய்துகாட்டுவதை 5 நிமிடத்தில் நிறுத்துங்கள், கழுவி அடுக்கக் கடைசி 8 நிமிடத்தை ஒதுக்குங்கள். வண்ணக் கலவை பாடமென்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும் கொடுங்கள், தாள் உள்ளங்கை அளவு போதும். பெரிய தாளில் பிள்ளைகளின் நேரமெல்லாம் பின்னணியை நிரப்பவே போய்விடும்.