அடுத்த விண்கல் எப்போது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2013இல் ரஷ்யாவில் விண்கல் வெடித்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து, நம் தலைமேலும் இப்படி வெடிக்குமா என்று என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த அளவுக் கல் நூறு வருஷத்துக்கு ஒன்றுதான் வரும் என்று படித்தேன். அப்படியானால் 2113 வரை கவலையில்லை என்று அவனிடம் சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

அப்படிச் சொல்லாதீர்கள். நூறு வருஷத்துக்கு ஒன்று என்பது சராசரிதான் (ஐம்பது என்று சொல்பவர்களும் உண்டு). ஒரு கல் வந்துபோன கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த கல் காத்திருக்காது. எந்த வருஷத்தை எடுத்தாலும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, அல்லது இரண்டு. அவ்வளவுதான்.

ஆனால் அது பூமி முழுவதற்குமான கணக்கு. உங்கள் ஊருக்கு மேலே என்று கேட்டால் வாய்ப்பு மிகமிகக் குறைவு. பெரும்பாலானவை கடல்மேல்தான் வெடிக்கும். 2018 டிசம்பர் 18 அன்று பேரிங் கடலுக்கு மேலே ஒன்று வெடித்தது. 173 கிலோடன், அதாவது ஹிரோஷிமா குண்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல். செய்தி வெளியே பரவியதே மறு மார்ச்சில்தான்!

நீங்கள் வீடியோவில் பார்த்த ரஷ்ய நகரம் செல்யாபின்ஸ்க் அப்படித் தப்பவில்லை. 2013 பிப்ரவரி 15, காலை ஒன்பதேகால் மணிவாக்கில், சுமார் 20 மீட்டர் அகலக் கல் விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. அவ்வளவு வேகத்தில் வரும்போது முன்னால் இருக்கும் காற்றே சுவர் மாதிரி அழுத்தும். கல் தாங்காமல் நொறுங்கிவிடும். காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். கல் யார் தலையிலும் விழவில்லை, பெரும்பாலும் எல்லாம் ஜன்னல் கண்ணாடி செய்த வேலை. வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் என்ன ஏதென்று ஜன்னலுக்கு ஓடினார்கள். அதிர்வலை வந்துசேர இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. அது வந்தபோது முகத்துக்கு நேரே கண்ணாடி. நாலாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை மேஜைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் வெட்டுக்காயம். உங்கள் மகனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், நூறு வருஷக் கணக்கைவிட அதுதான் உதவும்.

முன்கூட்டியே ஏன் தெரியவில்லை என்றும் கேட்பான். அந்தக் கல் சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்குப் பகல் வானத்தில் எதுவும் தெரியாது. விண்வெளியிலிருந்து அகச்சிவப்புக் கதிரில் தேட நாசா ஒரு தொலைநோக்கியைத் தயாரித்துவருகிறது. நல்லதுதான். ஆனால் அதன் முக்கிய இலக்கு 140 மீட்டருக்கு மேற்பட்ட கற்கள். செல்யாபின்ஸ்க் அளவுக் கல் பலவும் அதன் கண்ணிலும் படாமலே வரக்கூடும்.