பேச்சும் ஒரு வைத்தியமா?

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. ஏ.எல். சோதனை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று அழுகிறாள். ஈசிஜி, தைரொயிட் எல்லாம் சரி. இப்போது உளவியலாளரிடம் அனுப்பியிருக்கிறார்கள். மருந்தில்லை, வெறும் பேச்சு. இதுவும் விஞ்ஞானமா டொக்டர்? (ஒரு தாய், கல்முனை)

பதில்: நியாயமான கேள்வி அம்மா. ஆறுதல் சொல்லப் பக்கத்து வீட்டு மாமியும் போதும். அங்கே நடப்பது வேறு.

முதலில் மகளிடம் ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுக்கக்கூடும். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் பதற்றம், எத்தனை நாள் பயம் என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21 புள்ளி. நிபுணர்கள் தனியாகப் பேட்டி கண்டு எடுத்த முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இந்தக் கேள்விகள் புழக்கத்துக்கு வந்தன.

என்னிடம் வந்த ஒரு பிள்ளை, படியேறினால் இதயம் நின்றுவிடும் என்றாள். இதயம் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்டோம். கொப்பியில் 90 என்று எழுதினாள். மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினாள். நாடி 124. ஐந்து நிமிடத்தில் 88. பேசாமல் கொப்பியை எடுத்து 90ஐ வெட்டிவிட்டு 40 என்று எழுதினாள். ஊகம், சோதனை, பதிவு மூன்றும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன.

2004 சுனாமி மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது என்று நம் கரையை அள்ளிப்போனது. நடந்ததை உடனே முழுக்கச் சொல்லி அழுதுவிட்டால் மனம் ஆறிவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். அனர்த்தங்களுக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையே இருந்தது. அதைக் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதித்தபோது, பிற்கால மனவடுவை அது தடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பான இடம், தண்ணீர், உறவினரைத் தேடிக் கொடுப்பது, தானாகப் பேசினால் காதுகொடுப்பது, இவைதான் முதலில். 2015இல் உளவியலாளர்களே 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து, பாதிக்கும் குறைவானவையே அதே முடிவைத் தந்தன என்று வெளியிட்டார்கள். சொந்தப் பிழையை இப்படித் தேடிப்பிடிப்பதால்தான் இதை விஞ்ஞானம் என்கிறேன்.

மந்திரித்த நூல் கட்டியிருந்தால் கட்டியபடி இருக்கட்டும், கிளினிக் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாலைந்து தடவை போன பிறகு புள்ளி குறைந்ததா என்று கேளுங்கள். குறையாவிட்டால் வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஓடும்போது மயங்கி விழுந்தால் இதயத்தை மறுபடி காட்டுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுத்தாலும் பேசுவார்கள்.