மெஷின் வாங்கியாச்சு, உற்பத்தி ஏறலையே அண்ணாச்சி?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: ஆட்கள் எல்லாரும் ஓடிக்கிட்டேதான் இருக்காங்க, ஆனா சரக்கு வெளியே போகல. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். கடன் வாங்கி மாவு பிசைய ஒன்று, தேய்க்க ஒன்று என்று மெஷின் போட்டேன். ஆறு மாதமாக விற்பனை அப்படியே நிற்கிறது. மெஷின்காரர் ஏமாற்றிவிட்டாரா? மொட்டை மாடி வேறு பத்தவில்லை.

அவர் ஏமாற்றவில்லை. விஷயம் மொத்தமும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மாடியில் ஒரு நாளைக்கு 40 கிலோதான் காயும் என்றால், 100 கிலோ பிசைகிற மெஷினும் உங்களுக்கு 40 கிலோ மெஷின்தான். கன்னடியன் கால்வாய்ப் பக்கத்துக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மடை குறுகலாக இருக்கும்போது வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வயலுக்குப் போகிற தண்ணீர் கூடாது, வாய்க்கால்தான் தளும்பும். உங்களிடம் தளும்புவது தேய்த்து அடுக்கி வைத்த ஈர அப்பளம்.

எலியாஹு கோல்ட்ராட் என்று ஓர் இஸ்ரேல்காரர், படித்தது இயற்பியல், 1980களில் தொழிற்சாலைக்காரர்களிடம் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: முதலில் இடுக்கு எது என்று பார், அதை ஒரு நிமிடமும் சும்மா விடாதே, மற்ற வேலையெல்லாம் அதன் வேகத்துக்கு நடக்கட்டும், காசு செலவழிப்பது அதற்கப்புறம். உங்களுக்கு இடுக்கு வெயில். முதல் தட்டு எத்தனை மணிக்கு மாடி ஏறுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பத்து மணி என்றால் அதற்கு முன் அடித்த வெயிலெல்லாம் வீண், ஆகவே தேய்ப்பதை விடியலிலேயே தொடங்க வேண்டும். கிழிந்ததையும் தடித்ததையும் காய்ந்த பிறகு பொறுக்காமல், மாடிக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள், கழிவுக்கு எதற்கு வெயில்? தட்டுகளைத் தரையில் பரப்பாமல் காற்றோடுகிற அடுக்குச் சட்டத்தில் வைக்க முடியுமா என்று பாருங்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே குளிக்கக் கிளம்புகிறது, அப்பளக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டுகிறார். அந்த மாதங்களுக்குப் பாலிதீன் கூரைக் கொட்டகையோ டிரையரோ வேண்டும்தான். அந்தக் கடனை இதற்கு வாங்கியிருக்கலாம். சரி, போனது போகட்டும்.

கேள்வி: பேட்டையில் லேத் பட்டறை. ஒரு நாள்கூட மெஷின் சும்மா நிற்பதில்லை. ஆனாலும் எந்த ஆர்டரையும் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை.

ஆனாலும் இல்லை, அதனால்தான்! வேலை ஒழுங்கில்லாமல் வரும், ஒன்று அரை மணியில் முடியும், இன்னொன்று அரை நாள் இழுக்கும் என்கிற உங்களைப் போன்ற பட்டறைக்கு வரிசைக் கோட்பாட்டில் ஓர் எளிய கணக்கு உண்டு. மெஷின் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், ஒரு வேலை தன் முறைக்காகச் சராசரியாக, ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல் 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19. 90க்கு மேல் இன்னோர் ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்க ஆசைப்பட்டு வாடிக்கையாளரின் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறோம்.

இன்னொரு கணக்கு, இது 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்தது. பட்டறைக்குள் கிடக்கிற வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடிகிற வேலைகளால் வகுத்தால் ஒரு வேலை உள்ளே சராசரியாக எத்தனை நாள் கிடக்கும் என்று தெரிந்துவிடும். உள்ளே 24 கிடக்கிறது, நாளைக்கு 3 முடிகிறது என்றால் 8 நாள். போனில் மட்டும் "நாலு நாள்ல தாரேன்" என்றால் எங்கேயிருந்து தருவீர்கள்? நாலு நாள் வேண்டுமானால் உள்ளே 12க்கு மேல் இருக்கக் கூடாது. பதின்மூன்றாவது ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஒன்று முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று உண்மையான தேதியைச் சொல்லுங்கள். தெரிந்தவர் வந்து நிற்கிறார் என்று ஓடுகிற வேலையைக் கழற்றி அவருடையதை மாட்டுவீர்கள் பாருங்கள், அதையும் நிறுத்த வேண்டும். கழற்றி மாட்டுகிற நேரத்துக்கு யாரும் கூலி தரப்போவதில்லை.

கேள்வி: ஆலங்குளம் பக்கம் தையல் யூனிட். அதிக பீஸ் தைத்தால் போனஸ் என்றேன். எண்ணிக்கை ஏறியது, ரிட்டர்னும் ஏறியது. நம்ம ஆட்களுக்கு நேர்மை போதாதோ?

ஆட்களைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எண்ணிக்கையைக் கேட்டீர்கள், அவர்கள் எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது தையல் மெஷினுக்கும் பொருந்தும், ஓர் அளவீட்டைப் பிடித்து ஆட்களை நெருக்கினால் அந்த அளவீடு பொய் சொல்லத் தொடங்கிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நூற்பாலையில் மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் சூப்பர்வைசரின் மார்க். விளைவு, யாரும் கேட்காத கவுண்ட் (தடிமன்) நூலைக்கூட ஓட்டிக் குவித்து குடோனை நிரப்பினோம். நானும் சேர்ந்துதான். அடுத்த டேபிளுக்குப் போய்த் திரும்பி வராத பீஸுக்கு மட்டும் போனஸ் என்று மாற்றுங்கள், அதுவும் தனி ஆளுக்கு இல்லாமல் லைனுக்கு மொத்தமாக.

கேள்வி: ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற ஈஆர்பி மென்பொருள் வாங்கலாமா? 11 பேர் வேலை செய்கிறோம்.

மூன்று மாதம் ஒரு நோட்டில் தினமும் வந்தது, முடிந்தது, நின்றது என்று எழுதுங்கள். நோட்டே எழுதாத இடத்தில் மென்பொருளில் யார் எழுதப் போகிறார்கள்?

கேள்வி: சிறிய கிளினிக். சாயங்காலம் டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள். இன்னொரு டாக்டரை வைக்க வசதி இல்லை.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது, நம் திருநெல்வேலி ஜங்ஷனிலும் கிளை இருக்கிறது. அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரை மற்றதில் தயார் செய்து வைத்திருப்பார்கள், டாக்டர் திரும்பினால் போதும். உங்கள் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவழிக்கிற நேரத்தில் பிபி பார்ப்பது, பழைய சீட்டைத் தேடுவது, பெயர் வயது எழுதுவது எவ்வளவு என்று ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அதை நர்ஸ் வெளியிலேயே முடித்துவிடலாம். அப்புறம் டோக்கன் வாங்கிய எல்லாரையும் ஐந்து மணிக்கே வரச் சொல்வது எதற்கு? முதல் பத்துப் பேர் ஐந்துக்கு, அடுத்த பத்துப் பேர் ஆறுக்கு என்று டோக்கனிலேயே எழுதிக் கொடுங்கள். முதல் வாரம் யாரும் நம்ப மாட்டார்கள், எல்லாரும் ஐந்துக்கே வந்து நிற்பார்கள். நேரப்படியே கூப்பிடுங்கள், நாளாக ஆகப் பழகிவிடும். டாக்டர் ஐந்து மணிக்கு வந்தால்.