சோறு இருந்தும் ஆளில்லாத தீவு

கேள்வி: ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவர்களின் கதைகளையே என் மகன் தேடித் தேடிப் படிக்கிறான். எல்லாம் ஆங்கிலம். தமிழில் இப்படி எதுவும் கிடையாதா ஐயா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உண்டு அம்மா. அதுவும் 1719-இல் ராபின்சன் குரூசோ வெளிவருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. மணிமேகலையை எடுத்துப் பாருங்கள்.

மகன் படிப்பதைத் தடுக்க வேண்டாம். அருமையான வகை அது. கோழித்தீவனம் இருந்த பையில் உமிதான் மிச்சம் என்று குரூசோ பாறையோரம் உதறுவான். மழைக்குப் பிறகு அங்கே பார்லி முளைக்கும். அந்தக் கொஞ்சம் கதிரையும் விதைக்கென்று காத்து, நான்காம் ஆண்டில்தான் அதில் உண்ணத் துணிவான். இந்த இடம் எனக்கு அலுத்ததே இல்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் நிலைமையோ நேர்மாறு. அவன் கையில் அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம். சாவகத்தில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். சாவகத்தை ஜாவா என்றே பலரும் கொள்வர். நம் பக்கத்துக் கடலுக்குத்தான் அவன் வந்துகொண்டிருந்தான்! வழியில் மணிபல்லவத்தில் கப்பல் தங்குகிறது. இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணி இருட்டில் பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். தீவில் ஒருவரும் இல்லை. ஊருக்கே சோறு போடும் பாத்திரம் என் ஒருவன் வயிற்றை நிரப்புவதா என்று மனம் பொறாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்தே உயிர் துறக்கிறான்.

ஜார்ஜ்டவுனில் நான் ஐந்தாம் படிவத்துக்குப் பாடம் எடுத்த காலத்தில் பிள்ளைகள் விடமாட்டார்கள். "அடுத்த கப்பல் வரும்வரை சாப்பிட்டுக் காத்திருக்கலாமே ஐயா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உயிர் பிழைப்பதைவிடப் பெரிதாக ஒன்றை அவன் கண்முன் வைத்திருந்தான். தீவுக் கதைகளில் இதற்கு இணையான இக்கட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உங்கள் மகனுக்கு முதலில் சாதுவன் கதையைச் சொல்லுங்கள். ஆதிரை பிச்சையிட்ட காதையில் வருகிறது. கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக் கரையேறி மரத்தடியில் அயர்ந்து உறங்குகிறான். மனிதரைத் தின்னும் நாகர் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்கள் மொழியிலேயே அவன் பேச, திகைத்துப்போய்த் தலைவனிடம் கூட்டிச் செல்கிறார்கள். விடைபெறும் முன், இனிக் கப்பல் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாமல் காக்க வேண்டும் என்று அந்தத் தலைவனிடம் கேட்டுக்கொள்கிறான். ஆபுத்திரனைப் பாத்திரமரபு கூறிய காதையில் பிறகு படிக்கட்டும். அதற்குக் கொஞ்சம் வயது வேண்டும்.