ஆய்வேடு பாதியில் இருக்கும்போது அடிப்படைத் தகவலே மாறிவிட்டால் என்ன செய்வது?

பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதிவிட்டு மேலே போய்விடாதீர்கள். எண் எதனால் மாறியது என்று படியுங்கள். என் முனைவர் பட்ட ஆய்வில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

காவிரிக் கடைமடையில், அதாவது பாசன வாய்க்கால்கள் முடியும் பகுதியில், தண்ணீர் வராத ஆண்டுகளில் விவசாயிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதே என் தலைப்பு. 2017 முழுவதும் நாகப்பட்டினம் மாவட்டத்தின் தலைஞாயிறு பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுத்தேன். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பின்படி, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டிய 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர்தான் என் இரண்டாம் இயலுக்கு அச்சாணி. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. அன்றிரவே எண்ணைத் திருத்தி நெறியாளரிடம் கொடுத்தேன். "குறைந்த 14.75-க்குக் காரணம் என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகுதான் தீர்ப்பைப் படித்தேன். அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் தேவைக்கு. மீதி 10, தமிழகத்துக்கு நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் கழிக்கப்பட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று நான் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. என் வினாநிரலில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. திரும்பப் போய்க் கேட்டபோது ஒரு பெரியவர், "போர் போட்டால் உப்புதான் வரும் அம்மா, நாற்றங்காலுக்குக்கூட ஆகாது" என்றார். டெல்டா முழுவதற்கும் ஒரே எண்ணாகச் சொல்லப்படும் நிலத்தடி நீர், தலைமடையில் பயிருக்கு உதவும். கடைமடையில் பயிரைக் கருக்கிவிடும். என் ஆய்வில் உருப்படியான இயல் அதுதான். தீர்ப்பு வராமல் இருந்திருந்தால் அதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆனால் வருவதையெல்லாம் சேர்க்கக்கூடாது. அந்த ஆகஸ்டில் வெள்ளம் வந்து முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, அதற்குத் தனி இயல் எழுதத் துடித்தேன். என் கேள்வி வறட்சியைப் பற்றியது. தேதியோடு ஒரு பத்தி எழுதி நிறுத்திக்கொண்டேன். தரவுக்கு ஓர் எல்லைத் தேதி வைத்து, அதை முதல் இயலிலேயே சொல்லிவிடுங்கள்.

நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. நான் பேட்டி கண்டவர்களில் பலருக்கு வீடு இல்லை, தென்னை இல்லை. அதன்பிறகு அந்த ஊர்களுக்கு எத்தனையோ முறை போனேன். வினாநிரலை எடுத்துப் போகவில்லை. ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "இதில் வரும் வீடுகளும் தோப்புகளும் கஜாவுக்கு முந்தையவை."