பட்டிக் காவலுக்கு வாங்கிய நாய்க்குட்டிக்கு விடாத கழிச்சல்: எதைக் கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும்?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் வாலிநோக்கம் பக்கம் கடற்கரையை ஒட்டி வெள்ளாடும் கொஞ்சம் செம்மறியும் வளர்க்கிறோம். பட்டிக் காவலுக்காக ஒரு ஆண் நாய்க்குட்டி வாங்கி வந்தோம். வயது ஒன்றரை மாதம் இருக்கும். ஆட்டுப்பால், மீன்குழம்புச் சோறு, கரையில் கிடைக்கிற சங்காயம் (வலையில் சிக்கும் கழிவு மீன்), கருவாட்டுத் தலை எல்லாம் வைக்கிறோம். நன்றாகத் தின்கிறது, ஓடி விளையாடுகிறது. ஆனால் வந்த மூன்றாம் நாளிலிருந்து இளகலாகவே போகிறது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு, முதுகெலும்பு தெரிகிறது. நேற்று வாந்தியில் ஒரு புழு வந்தது. மணலையும் தின்கிறது. ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறது, அதில் கொஞ்சம் ஊற்றலாமா? ஒருநாள் பட்டினி போட்டால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா?

பதில்:

அம்மா, அவசரமான இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டு மருந்தை ஊற்றாதீர்கள். பட்டினியும் போடாதீர்கள்.

ஆட்டுக்கு வாங்கும் மருந்துகளில் லெவாமிசோல், குளோசன்டெல், ஆல்பென்டசோல், ஐவர்மெக்டின் என்று பல வகை உண்டு. ஆடு தாங்குவதை நாய்க்குட்டி தாங்காது. லெவாமிசோல் கொஞ்சம் கூடிப்போனாலே எச்சில் ஒழுகி, நடுக்கம் கண்டு விழுந்துவிடும். ஆல்பென்டசோல் நாயின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது. இருபது கிலோ ஆட்டுக்குச் செய்த மருந்தில் இரண்டு கிலோ குட்டிக்கு எவ்வளவு என்று கண்மதிப்பில் யாராலும் ஊற்ற முடியாது.

பட்டினி விஷயத்துக்கு வருகிறேன். வளர்ந்த நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் அரைநாள் விட்டுப் பிடிக்கலாம். ஒன்றரை மாதக் குட்டியின் உடம்பில் கையிருப்பு என்று ஒன்றும் கிடையாது. ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, விடியும்போது கால் துவண்டு, கண் சொருகிவிடும். அப்படிக் கண்டால் கருப்பட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, அந்தக் கையோடு மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும்.

இதைப் படித்ததும் குட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஈறு காய்ந்து விரலில் ஒட்டினால், பிடரித் தோலைத் தூக்கிவிட்டதும் சட்டென்று படியாமல் நின்றால், உடம்பில் நீர் வற்றிவிட்டது. இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

இன்னொன்று பார்வோ. ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளை அதிகம் கொண்டுபோகும் வைரஸ் நோய் இது. தீனியை மறுக்கும், திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும், சுருண்டு படுக்கும், அடுத்து ரத்தம் கலந்து, அறையே தாங்காத நாற்றத்தோடு கழியும். உங்கள் குட்டி தின்று விளையாடுவதால் இப்போதைக்கு அது பார்வோவாகத் தெரியவில்லை. ஆனால் தடுப்பூசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை. நாளைக்கே தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் 'சாயங்காலம் வரை பார்ப்போம்' என்று இருந்துவிடாதீர்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக் காப்பாற்றுகிற நோய் இது. முதல் நாளில் கொண்டுபோன குட்டிக்கும் மூன்றாம் நாளில் கொண்டுபோன குட்டிக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு.

இனி உங்கள் குட்டியின் வயிற்றுக்குள் வருவோம். உப்பிய வயிறு, தெரியும் முதுகெலும்பு, தின்றும் தேறாத உடம்பு, வாந்தியில் புழு. அந்தப் புழு வெள்ளையாக, சேமியாவை நீட்டிவைத்ததுபோல இருந்திருந்தால் அது உருண்டைப்புழுதான். இது உங்கள் வீட்டில் தொற்றியது என்று எண்ண வேண்டாம், தாய் வயிற்றிலேயே வந்துவிடுகிறது. தாய்நாயின் தசைக்குள் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையாகிக் கடைசி வாரங்களுக்கு வரும்போது விழித்து, கருவிலிருக்கும் குட்டிக்குள் போகின்றன. கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. ஆகவே தாய்க்கும் குட்டிக்கும் மருந்து கொடுக்காத வீட்டிலிருந்து வாங்கிய குட்டி என்றால் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஒருமுறை கொடுத்துவிட்டு 'கொடுத்தாச்சே, ஏன் மறுபடியும் கழிகிறது' என்று கேட்பவர்கள் அதிகம். மருந்து குடலுக்குள் இருக்கும் பெரிய புழுவைக் கொல்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும் பயணத்தில் இருக்கும் இளம்புழுவை அது பெரும்பாலும் தொடுவதில்லை. அவை பிறகு குடலுக்கு வந்து வளர்கின்றன. அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாய்க்குட்டிக்கென்றே பைரன்டெல் கலந்த இனிப்புத் திரவ மருந்து கிடைக்கிறது. எடை கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் மருந்து என்பது அளவு. பென்பென்டசோல் என்றால் கிலோவுக்கு 50 மில்லிகிராம், தொடர்ந்து மூன்று நாள். கழிச்சல் உள்ள குட்டி என்பதால் இதை மருத்துவர் கையால் தொடங்குவதே நல்லது. போகும் முன் மீன் நிறுக்கிற தராசில் ஒரு பையில் போட்டு எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த மறுநாள் மலத்தில் புழு கொத்தாக விழலாம், பயப்பட வேண்டாம்.

நம் கடற்கரை மணலும் இதில் ஒரு ஆள். தளர்ந்த மணலில், கொஞ்சம் ஈரமும் நிழலும் இருந்தால், கொக்கிப்புழுவின் குஞ்சு சில நாளில் முட்டையிலிருந்து வெளிவந்து காத்திருக்கும். குட்டியின் பாதத்தோலைத் துளைத்தும் ஏறும், செருப்பில்லாமல் நடக்கும் குழந்தையின் காலிலும் ஏறும். காலில் பாம்புபோல வளைந்த அரிப்புக் கோடு வருவது இதனால்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் பனை நிழலிலும் குட்டி வெளிக்குப் போனதைத் தினமும் காலையில் மண்வெட்டியால் மணலோடு அள்ளி ஆழப் புதைத்துவிடுங்கள். குட்டி படுக்கும் இடத்தை வெயில் விழுகிற பக்கமாக மாற்றி, நிழலுக்கு ஓலைத் தட்டி மட்டும் வைத்துத் தாருங்கள். குழந்தைகள் குட்டியைத் தொட்டால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த உருண்டைப்புழு முட்டை அவர்கள் உடம்பிலும் வேலை காட்டும். மணல் தின்பது புழுவாலும் ரத்தக்குறைவாலும் இருக்கலாம், வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். மருந்துக்கும் சரியான தீனிக்கும் பிறகும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மணல் குடலில் அடைத்துக்கொள்வதும் உண்டு.

தீனியில், முதலில் பாலை நிறுத்துங்கள். வீட்டில் கறந்த பால் என்ற ஆசையில் கொடுப்பது எனக்குப் புரிகிறது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் ஆட்டுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால்சர்க்கரை குறைவு. ஆட்டுப்பாலிலும் மாட்டுப்பாலிலும் பால்சர்க்கரை கூடுதல். தாய்மடியை விட்ட குட்டிக்கு அதைச் செரிக்கும் நொதி நாளுக்கு நாள் குறையும். செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, தண்ணீரை இழுத்து, இளகலாக வெளியேறும். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே தின்றுவிடுகின்றன. புளிக்காத தயிர் ஒரு கரண்டி சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம்.

அடுத்து மீன். மீன் குட்டிக்கு நல்ல தீனி, அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். நீங்கள் கொடுக்கிற விதம்தான் ஆபத்து. சங்காயக் குவியலில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காரல், நண்டுக்குஞ்சு, கெளுத்தி, இடையில் ஒரு பேத்தை. பேத்தையின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, சிறு துண்டே குட்டியின் மூச்சை நிறுத்திவிடும். கெளுத்தியின் முள் தொண்டையில் ஏறினால் அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். வெயிலில் கிடந்து இளகிய மீனில் உண்டாகும் நச்சும் வேகவைத்தால் அழியாது. சாளை, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகவே தொடர்ந்து தின்றால் அவற்றிலுள்ள ஒரு நொதி பி1 சத்தை அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். ஆகவே குவியலை அப்படியே தட்டாதீர்கள். புது மீனாக, உங்களுக்குப் பெயர் தெரிந்த மீனாக மட்டும் பொறுக்கி எடுங்கள். குடலை எடுத்து, உப்பு, புளி, மிளகாய் எதுவும் போடாமல் வேகவைத்து, ஆறியதும் சதையை விரலால் அழுத்தி அழுத்தி முள் பாருங்கள். நெத்திலியாக இருந்தால் குக்கரில் நான்கைந்து விசில் விட்டால் முள் விரலில் நசுங்கும், முள்ளோடு பிசைந்தே போடலாம், எலும்புக்கும் ஆகும்.

கருவாட்டுத் தலை வேண்டவே வேண்டாம். அவ்வளவு உப்பு அந்தச் சின்ன உடம்புக்குத் தாகத்தையும் வாந்தியையும் கழிச்சலையும் கொண்டுவரும். மீன்குழம்புச் சோறும் அப்படித்தான். நம் குண்டு மிளகாய்க் காரம் குடலை எரிக்கும், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இந்த மூன்று நாளைக்குக் குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, தோல் நீக்கி வேகவைத்த கோழிச்சதையோ முள்ளில்லாத மீன்சதையோ ஒரு பங்கு. உப்பும் எண்ணெயும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, கை கொள்ளும் அளவு. கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி வாயோரம் விடுங்கள். மடமடவென்று ஊற்றினால் வாந்தி எடுக்கும், புரை ஏறும். மனிதர்கள் போடும் பேதி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதுவும் கூடாது. பாராசிட்டமாலும் ஐபுபுரூபனும் நாய்க்கு நஞ்சு.

மலம் கட்டியானதும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இந்த அளவுக்கு வாருங்கள். இரண்டரைக் கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு வெந்த சோறு 150 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, வேகவைத்த மீன் அல்லது கோழிச்சதை 100 கிராம், மசித்த பரங்கிக்காய் ஒரு கரண்டி, தயிர் ஒரு கரண்டி. இதை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. முள்ளோடு வெந்த நெத்திலி போடாத நாளில் சுண்ணாம்புச்சத்து குறையும்; சோறும் சதையும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயப்போட்டு, அம்மியில் மாவாக அரைத்து அரைத் தேக்கரண்டி சேருங்கள். நல்லதுதானே என்று அதற்கு மேல் சேர்க்காதீர்கள், கூடினாலும் எலும்பு கோணும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், எடை ஏற ஏறத் தீனியையும் ஏற்றுங்கள். மண்டை, சிப்பிப்பாறை என்ற நாட்டு நாய் இனங்களின் வழி வந்த குட்டி என்றால் இயல்பிலேயே ஒல்லிதான், விலா லேசாகத் தெரிவதைக் குறையென்று நினைத்துத் திணிக்க வேண்டாம்.

தண்ணீர் நீங்கள் குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும், அலையோரம் நக்குகிற கடல்நீரும் கழிச்சலைக் கூட்டும்.

உங்கள் ஆட்டுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஆடு அறுக்கும்போது தலை, மூளை, நீர்க்கட்டி உள்ள ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்கு வீசுவது நம் பக்கத்தில் வழக்கம். செம்மறி ஒரே பக்கம் தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து சாகிறதே, அந்த மூளைக்கட்டி நாயின் நாடாப்புழுவிலிருந்து வருவது. நாயின் மலத்திலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து ஆட்டின் மூளைக்கு, அந்த மூளையிலிருந்து மறுபடி நாய்க்கு என்று சுற்றுகிறது. ஈரலில் வரும் நீர்க்கட்டி மனிதருக்கும் வரும். குட்டிக்கு வேண்டிய ஈரலை நன்றாக வேகவைத்து வாரம் ஒருமுறை சிறு துண்டு கொடுங்கள், மற்ற கழிவைப் புதையுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் மருந்தையும் பூச்சி மருந்து வரிசையில் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி, கழிச்சல் நின்ற பிறகு. பார்வோ உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட்டிருக்க வேண்டும், ஆகவே தள்ளிப்போடாமல் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வார வயது வரை போடுங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். அதுவரை கரையில் திரியும் தெருநாய்களோடு குட்டியை விட வேண்டாம். முன்பு உங்கள் பட்டியில் வேறு குட்டி ரத்தமாகக் கழிந்து செத்திருந்தால் அந்த இடத்திலும் கட்டாதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கால்நடை மருந்தகத்துக்குப் போகும் நாளில், காலையில் போன மலத்தில் ஒரு சுண்டைக்காய் அளவை மூடியுள்ள சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். எந்தப் புழு என்று அங்கே பார்த்துச் சொன்னால் மருந்தும் அதற்கேற்ப அமையும்.