மீன்தொட்டியில் சுணைப்புழு: கொல்வதா, விடுவதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஆறு மாதமாக வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்த லைவ் ராக்கிலிருந்து (உயிரினங்கள் ஒட்டி வாழும் பவளக்கல்) ராத்திரியில் ஒரு இளஞ்சிவப்புப் புழு எட்டிப் பார்க்கிறது, விரலைவிடக் கொஞ்சம் நீளம். நேற்று கல்லை நகர்த்தும்போது கையில் பட்டு, இன்னும் குத்துகிறது. மீனைத் தின்னுமா? நம் ஊர்க் கடலிலும் இருக்கிறதா? வெட்டிப் போட்டுவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன், முதலில் விரலைப் பாருங்கள். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் முள் உடைந்து உள்ளே போகும். செலோடேப்பை ஒட்டி மெதுவாக உரித்தால் பாதி முள் அதோடு வந்துவிடும், அப்புறம் வினிகரைத் தடவுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வினிகர் எதற்கு என்றால், இந்தச் சுணைப்புழுவின் முள் சுண்ணாம்பால் ஆனது, வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும். மண்புழுவுக்கு உறவுதான் இது, ஆனால் மண்புழுவின் முள் கண்ணுக்கே தெரியாது, இதற்கோ ஒவ்வொரு வளையத்தின் இரண்டு பக்கமும் கட்டுக் கட்டாக வெள்ளை முள். மேல்கட்டில் சில முட்களுக்கு மீன்குத்தி ஈட்டி மாதிரி பின்னோக்கிய கொக்கிகள், கீழ்க்கட்டில் நுனி இரண்டாகப் பிளந்த முட்கள். சும்மா போகும்போது பாதியை உள்ளிழுத்து வைத்திருக்கும், தொந்தரவு செய்தால் விரித்துக்கொள்ளும். கம்பளிப்பூச்சி பட்டால் சுணைக்குமே, அதே கதை, கூடவே ஒரு விஷயம்: எரிச்சலைக் கிளப்பும் ஒரு வேதிப்பொருளையும் இந்தப் புழுவிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து காம்பிளனின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் நிறத்தையும் அளவையும் பார்த்தால் யூரித்தோ காம்பிளனாட்டா வகையாகத்தான் இருக்க வேண்டும். உறுதி செய்ய நிறத்தை நம்பாதீர்கள், தலையைப் பாருங்கள். நான்கு கண், மூன்று உணர்கொம்பு, தலைக்குப் பின்னால் முதுகின்மேல் படுத்திருக்கும் ஒரு சதைத் திட்டு. அந்தத் திட்டுதான் இதற்கு மூக்கு. நீங்கள் போடும் தீனியின் வாசனையை அதை வைத்துத்தான் பிடிக்கிறது. இரண்டாவது வளையத்திலிருந்து வால்வரை சின்னச் சின்னப் புதர் மாதிரி செவுள்கள் இருக்கும். வாயில் தாடை கிடையாது, தொண்டையை வெளியே தள்ளிச் சுரண்டித் தின்னும், அவ்வளவுதான். அதனால் நீந்துகிற மீனைத் துரத்திப் பிடிக்கும் சாமர்த்தியமெல்லாம் இல்லை. செத்த மீனை மொய்ப்பதைப் பார்த்துவிட்டு இதுதான் கொன்றது என்று பழி போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஐந்து உணர்கொம்பும் கத்தரி மாதிரித் தாடையும் தெரிந்தால் மட்டும் பயப்படுங்கள். அது யூனிஸ், பாபிட் புழு என்பார்கள். ஜப்பானில் ஒரு மிதவையில் ஒளிந்திருந்த ஒன்றை 2009-ல் அளந்தபோது 299 செ.மீ. இருந்தது!

நம் கடலில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடல் வற்றும் நேரத்தில் பவளக்கல்லைப் புரட்டினால் அடியில் சுருண்டு கிடக்கும். அதற்காக உங்கள் தொட்டிக்கு வந்த அதே இனம்தான் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பல்லாஸ் என்ற விலங்கியலாளர் 1766-ல் கரீபியப் பக்கத்துப் புழு ஒன்றுக்குக் காம்பிளனாட்டா என்று பெயர் வைத்தார், அப்புறம் வெப்பமண்டலக் கடல்களில் எங்கே இதே சாயலில் புழு கிடைத்தாலும் எல்லோரும் அதே பெயரை எழுதிக்கொண்டே போனார்கள், உலகம் முழுக்க ஒரே புழு என்று ஆகிவிட்டது. 2010-ல் மரபணுவைப் பார்த்தபோது அது குறைந்தது மூன்று இனங்கள் என்று தெரிந்தது: பசிபிக்கில் ஒன்று, அட்லாண்டிக்கில் இரண்டு, அதிலும் ஒன்று நடுக்கடல் தீவுகளில் மட்டும். வெளித்தோற்றத்தில் பிரிப்பது பெரும் பாடு. ஆகவே புழுவை வைத்துக் கடைக்காரர் சொன்னது நிஜமா என்று கண்டுபிடிக்கலாம் என்று நினைத்திருந்தால், முடியாது. கல்லின் பூர்வீகத்தைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டிப்பவளங்கள் 2001 முதல் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, நம் கடலில் உடைத்த கல் உங்கள் வீட்டில் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

சரி, வெட்டக் கூடாது என்றேனே. இந்தப் புழு தானாகவே துண்டாகிப் பெருகும் இனம், ஒவ்வொரு துண்டுக்கும் தலையும் வாலும் முளைத்துவிடும். கத்தரிக்கோலால் நீங்கள் ஒன்றை மூன்றாக்கிக் கொடுத்தால் அதற்குச் சந்தோஷம்தான். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், கல் இடுக்கில் மீன் எட்டாத மிச்சத் தீனியை அது சுத்தம் செய்கிறது. கூட்டமாகத் தெரிந்தால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சின்ன பிவிசி குழாய்க்குள் இறால் துண்டை வைத்து, விளக்கணைந்த பிறகு போட்டுவிட்டுக் காலையில் அப்படியே எடுங்கள். கையுறை கட்டாயம், மெல்லிய லேடெக்ஸ் போதாது, தடித்த ரப்பர் வேண்டும்.

அப்படிப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி சிவப்பு விளக்கில் தலையை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள், கொம்பை எண்ணிச் சொல்கிறேன்.